இரண்டு சதவீதம்

பருவுக்கு என்று இன்று விற்கிற ஃபேஸ் வாஷ், சீரம், டோனர் எதை எடுத்தாலும் 'சாலிசிலிக் ஆசிட் 2%' என்று முன்பக்கத்திலேயே கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். ஏன் இரண்டு? ஏன் ஐந்து இல்லை? பி.ஃபார்ம் படித்தவள் என்பதால் எனக்கு இந்த மாதிரி எண்கள் மேல் கொஞ்சம் கிறுக்கு உண்டு. மருந்தின் சதவீதம் வானத்திலிருந்து விழுவதில்லை. யாரோ ஒருத்தர் யாரோ ஒருத்தர் உடம்பில் போட்டுப் பார்த்துத்தான் அந்த எண் வந்திருக்கும். போட்டது யார், உடம்பு யாருடையது என்று தேடிக்கொண்டே போனதில் வந்ததுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தப் பொருளை அறிமுகப்படுத்தி விடுகிறேன். கல்லூரி லேபில் எங்களுக்கு விட்ஃபீல்டு ஆயின்ட்மென்ட் என்று ஒரு பயிற்சி உண்டு. படர்தாமரைக்குப் போடுகிற பழைய களிம்பு. ஆர்தர் விட்ஃபீல்டு என்கிற லண்டன் டாக்டர் 1907ல் கொடுத்த கணக்கு: நூற்றில் ஆறு பங்கு பென்சோயிக் ஆசிட், மூன்று பங்கு சாலிசிலிக் ஆசிட். வெள்ளை வெளேரென்று பஞ்சு மாதிரி ஒரு பொடி. கல்வத்தில் போட்டு அரைக்கும்போது தூசு கிளம்பி மூக்கில் ஏறினால் வரிசையாகத் தும்மல்தான். காலில் ஆணி வந்தால் மெடிக்கல் ஷாப்பில் வட்டமாக ஒரு பிளாஸ்திரி கொடுப்பார்களே, அதன் நடுவில் இருப்பதும் இதே பொடிதான், ஆனால் 40 சதவீதம் வரை. முகத்துக்கு இரண்டு, பாதத்துக்கு நாற்பது. ஒரே சரக்கு.

ஆரம்பத்தில் தோலுக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. இங்கிலாந்தில் சிப்பிங் நார்ட்டன் என்கிற சின்ன ஊரில் எட்வர்ட் ஸ்டோன் என்று ஒரு பாதிரியார். ஒருநாள் வில்லோ மரத்துப் பட்டையை வாயில் போட்டு மென்றவர், அதன் கசப்பைக் கண்டு நின்றுவிட்டார். கிரிக்கெட் மட்டை செய்கிற அதே மரக் குடும்பம்தான். நம் ஆற்றங்கரைகளில் நிற்கிற ஆற்றுப்பாலையும் அதே இனம். குளிர்காய்ச்சலுக்கு அப்போது கைகண்ட மருந்து பெருவிலிருந்து வந்துகொண்டிருந்த சின்கோனா பட்டை. விலை அதிகம். இதுவும் அதே மாதிரி கசக்கிறதே என்று யோசித்த ஸ்டோன், ஒரு பவுண்டு பட்டையைப் பையில் கட்டி ரொட்டிச் சூளையின் வெளிச்சுவரில் மூன்று மாதத்துக்கு மேல் காயவைத்துப் பொடித்துக் காய்ச்சல்காரர்களுக்குக் கொடுக்க ஆரம்பித்தார். ஐந்து வருடத்தில் சுமார் 50 பேர். 1763ல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு அதைக் கடிதமாக எழுதினார். அச்சில் வந்தபோது அவர் பெயரையே எட்மண்ட் ஸ்டோன் என்று தப்பாகப் போட்டுவிட்டார்கள். அந்த 50 பேருக்கு அந்தத் தப்புப் பெயர்கூட மிஞ்சவில்லை. கணக்கில் நிற்கிறார்கள், அவ்வளவுதான்.

அடுத்த நூறு வருடம் வேதியியலாளர்களின் காலம். வேகமாகக் கடந்துவிடலாம். 1828ல் மியூனிக்கில் ஜோஹன் பூக்னர் பட்டையின் கசப்பை மஞ்சள் நிறப் பொருளாகப் பிரித்து, வில்லோவின் லத்தீன் பெயரான சாலிக்ஸை வைத்து சாலிசின் என்று பெயரிட்டார். பத்து வருடம் கழித்து ரஃபேலே பிரியா என்கிற இத்தாலியர் அதிலிருந்து அமிலத்தை எடுத்தார். கொஞ்ச நாளில் விண்டர்கிரீன் என்கிற குறுஞ்செடியின் எண்ணெயிலும் இதே அமிலம் ஒளிந்திருப்பது தெரிந்தது.

இங்கே ஒரு ஊட்டி இடைச்செருகல். நீலகிரித் தைலம் விற்கிற கடைகளில் விண்டர்கிரீன் எண்ணெய் என்றும் ஒரு சின்ன பாட்டில் இருக்கும், பார்த்திருப்பீர்கள். மூட்டுவலித் தைலங்களில் வருகிற அந்தக் குப்பென்ற வாசனை அதனுடையது. அதன் செடி நீலகிரியிலேயே காடாக வளர்வதைப் பார்த்த ஜான் பிராட்டன் என்பவர், சென்னை அரசாங்கம் சின்கோனா ஆராய்ச்சிக்காக உதகமண்டலத்தில் வைத்திருந்த வேதியியலாளர், 1870களின் தொடக்கத்தில் ஒரு யோசனை சொன்னார். இந்த எண்ணெயிலிருந்து சாலிசிலிக் ஆசிட் எடுத்து, அதை உடைத்துக் கார்பாலிக் ஆசிட் செய்யலாம்! அன்றைக்குப் புண் கழுவ, அறுவை அரங்கைச் சுத்தம் செய்ய எல்லாவற்றுக்கும் கார்பாலிக்தான். கிட்டத்தட்ட அதே காலத்தில் ஜெர்மனியில் ஹெர்மன் கோல்பே இதற்கு நேர் எதிர்த்திசையில் போய்க்கொண்டிருந்தார். நிலக்கரித் தாரிலிருந்து மலிவாகக் கிடைத்த கார்பாலிக் ஆசிட்டைக் கரியமில வாயுவுடன் சேர்த்து சாலிசிலிக் ஆசிட் செய்கிற வழியை 1874ல் தொழிற்சாலை அளவுக்குக் கொண்டுவந்துவிட்டார். தார் ஜெயித்தது. நம் மலைச்செடி தைல பாட்டிலோடு நின்றுவிட்டது.

கோல்பேயின் எண்ணம் இதுதான்: கார்பாலிக்கிலிருந்து செய்தது உடம்புக்குள் போய்த் திரும்பக் கார்பாலிக்காக உடையும், கிருமியை உள்ளேயே கொல்லும். அந்த எண்ணம் தப்பு. ஆனால் தானே அதைச் சாப்பிட்டுப் பார்த்து ஒன்றும் ஆகவில்லை என்று எழுதினார். டிரெஸ்டன் பக்கத்தில் ஃபிரெட்ரிக் வான் ஹெய்டன் தொழிற்சாலையே போட்டார். பியர், ஒயின், பால், இறைச்சி எல்லாவற்றிலும் கெடாமல் இருக்க இதைக் கலந்தார்கள். 1881ல் பிரான்ஸ் உணவில் இதைத் தடை செய்தது. 1900களின் தொடக்கத்தில் அமெரிக்க வேளாண் துறையின் ஹார்வி வைலி, இளம் தொண்டர்களை ஒரு சாப்பாட்டு அறையில் உட்காரவைத்து உணவுப் பாதுகாப்பு ரசாயனங்களை ஒவ்வொன்றாகக் கொடுத்துப் பார்த்தார். 'விஷப் படை' என்று பத்திரிகைகள் பட்டப்பெயர் வைத்தன. அந்தப் பட்டியலில் இதுவும் இருந்தது. வைலியைப் பற்றி எத்தனையோ குறை சொல்லலாம். ஆனால் அந்தப் பையன்களுக்குத் தாங்கள் எதற்காக உட்கார்ந்திருக்கிறோம் என்று தெரியும். எழுந்து போகவும் முடியும். இதைக் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

நடுவில் 1876 வாக்கில் வாதக் காய்ச்சலுக்கு இது அற்புதமாகக் கேட்கிறது என்று தெரிந்தது. ஆனால் வயிற்றைப் புண்ணாக்கியது. காதுக்குள் இரைச்சல் கேட்டது. 1897ல் பேயர் கம்பெனியின் ஃபெலிக்ஸ் ஹாஃப்மன் அதில் ஒரு சின்ன மாற்றம் செய்தார். 1899ல் ஆஸ்பிரின் கடைக்கு வந்தது. அதோடு உடம்புக்குள் சாலிசிலிக் ஆசிட்டின் சகாப்தம் முடிந்த மாதிரிதான். வயிறு ஏற்கவில்லை, சமையலறை ஏற்கவில்லை.

சரி, தோலுக்கு எப்படி வந்துச்சு? அதற்கு ஹாம்பர்க் போக வேண்டும்.

பால் கெர்சன் உன்னா 1850ல் அந்த ஊரில் பிறந்தவர். அப்பாவும் டாக்டர். 1870ல் தொடங்கிய பிரெஞ்சுப் போரில் படுகாயம்பட்டுத் திரும்பி, ஸ்ட்ராஸ்பர்க்கில் வால்டயரிடம் மேல்தோலின் அமைப்பைப் படித்தவர். உள்ளுறுப்பு நோய்களின் வெளி அறிகுறியாகத் தோலைப் பார்த்தவர்கள் நிறைய பேர் இருந்த காலத்தில், உன்னா தோலையே ஒரு உறுப்பாகப் பார்த்தார். நுண்ணோக்கியில் அடுக்கடுக்காகச் சாயமேற்றிப் பார்த்தார். எதை எவ்வளவு போட்டால் எந்த அடுக்கு என்ன செய்கிறது என்று எழுதினார். சாலிசிலிக் ஆசிட், ரிசார்சின், ஃபீனால் எல்லாம் தோலை எப்படி உரிக்கின்றன என்று 1880களிலேயே எழுதிவிட்டார். இன்றைக்குப் பியூட்டி கிளினிக் போர்டுகளில் 'கெமிக்கல் பீல்' என்று மின்னுவதற்கு அவர்தான் பாட்டனார்.

மருந்தைத் தோலில் நிற்க வைப்பது அன்று பெரிய தலைவலி. களிம்பு வழியும், துணியில் ஒட்டும். அதே ஊரில் மருந்துக்கடை வைத்திருந்த பால் பயர்ஸ்டோர்ஃப், உன்னாவோடு சேர்ந்து, மலாயா பக்கத்து மரங்களின் பாலான கட்டாபெர்ச்சாவில் மருந்தை ஏற்றி ஒரு பிளாஸ்திரி செய்தார். 1882 மார்ச் 28ல் காப்புரிமை. அந்த மருந்துக்கடை வளர்ந்து வந்த கம்பெனிதான் பின்னால் 1911ல் நிவியாவைக் கொண்டுவந்தது. கால் ஆணி பிளாஸ்திரிக்கும் நிவியா டப்பாவுக்கும் ஒரே கொடிவழி என்று தெரிந்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது.

இந்தப் பொடி தோலில் என்னதான் செய்கிறது? மேல்தோலின் வெளி அடுக்கு முழுக்கச் செத்த செல்கள், ஓடு வேய்ந்த மாதிரி. ஓட்டுக்கும் ஓட்டுக்கும் நடுவே சின்னச் சின்னப் புரதக் கொக்கிகள். சாதாரணமாக அந்தக் கொக்கிகள் தானாகக் கழன்று, செத்த செல்கள் நமக்குத் தெரியாமலே உதிர்ந்துகொண்டிருக்கும். பரு வருகிற மயிர்க்காலுக்குள் மட்டும் அவை சரியாக உதிராமல், எண்ணெயோடு குழைந்து அடைப்பாகி நிற்கும். சாலிசிலிக் ஆசிட் செல்களுக்கு நடுவே இருக்கிற பிடிப்பைத் தளர்த்துகிறது. நூறு வருடமாகப் பாடப்புத்தகங்கள் இதைக் 'கெரட்டின் கரைப்பான்' என்று சொல்லிவந்தன. பின்னால் உற்றுப் பார்த்தவர்கள், கெரட்டின் அப்படியே இருக்கிறது, கொக்கிதான் கழல்கிறது என்றார்கள். பெயர் மட்டும் இன்னும் மாறவில்லை. இன்னொன்று, இது எண்ணெயில் கரையும். பழத்திலிருந்து எடுக்கிற அமிலங்கள் எல்லாம் தண்ணீர்க் கட்சி, எண்ணெய் நிரம்பிய குழிக்குள் இறங்கத் தயங்கும். இது இறங்கிவிடும். பிளாக்ஹெட்டின் கறுப்பை அழுக்கு என்று நினைத்துத் தேய்தேய் என்று தேய்க்கிறோமே, அது அழுக்கே கிடையாது. காற்றுப்பட்டுக் கறுத்த மெலனின். தேய்த்தால் புண்தான் மிஞ்சும்.

இப்போது அந்த இரண்டு. அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ, டாக்டர் சீட்டு இல்லாமல் கடையில் விற்கிற மருந்துகளை எல்லாம் ஒவ்வொன்றாக ஆராய 1972ல் உட்கார்ந்தது. பருவின் முறை வந்து, முடிவான விதி 1991ல் வெளியானது. சாலிசிலிக் ஆசிட் 0.5 முதல் 2 சதவீதம் வரை. கந்தகத்துக்கும் அனுமதி. பென்சாயில் பெராக்சைடை அப்போது ஏற்கவில்லை, 2010ல்தான் சேர்த்தார்கள். ஆக, உங்கள் பாட்டிலில் இருக்கிற 2, 'இதுதான் சிறந்த அளவு' என்று சொல்லவில்லை. ஒரு டாக்டர் பார்க்காமல் ஒரு ஆள் தானே வாங்கித் தானே போட்டுக்கொள்வதற்கு அந்த அரசாங்கம் ஒப்புக்கொண்ட உச்ச வரம்பு, அவ்வளவுதான். கம்பெனிக்காரன் உச்சத்தைத்தான் விளம்பரப்படுத்துவான். ஒரு சதவீதமே போதுமானவர்களும் இருக்கிறார்கள். நிறைய இடத்தில், நிறைய நாள், அதிக அளவில் பூசினால் இது ரத்தத்தில் ஏறும். அப்போது கேட்பது பழைய ஆஸ்பிரின் காலத்துக் காது இரைச்சல்தான். குழந்தைகளுக்கு உடம்பு முழுக்கப் பூசி உயிரே போனதும் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கிறது. எல்லை போட்டதில் நியாயம் இருக்கிறது.

எண்ணுக்குப் பதில் கிடைத்துவிட்டது. உடம்பு யாருடையது என்ற கேள்வி பாக்கி. பருவைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பங்கு ஒரே மனிதரைச் சுற்றி நிற்கிறது. ஆல்பர்ட் கிளிக்மன், பென்சில்வேனியா பல்கலைக்கழகத் தோல் மருத்துவர். 1951ல் ஃபிலடெல்ஃபியாவின் ஹோம்ஸ்பர்க் சிறையில் கைதிகளின் கால்களில் சேற்றுப்புண் பரவியபோது பார்க்கக் கூப்பிட்டார்கள். நூற்றுக்கணக்கான ஆண்கள், வேலை இல்லாமல், வெளியே போக முடியாமல். உள்ளே நுழைந்ததும் தன் கண்ணுக்குத் தெரிந்தது ஏக்கர் ஏக்கராகத் தோல்தான் என்று பின்னால் அவரே ஒரு பத்திரிகையாளரிடம் சொன்னார். நிலத்தைப் பார்க்கிற உழவன் மாதிரி என்று அதற்கு ஒரு உவமையும் வைத்தார். 1974 வரை அங்கே சோதனைகள் நடந்தன. பெரும்பாலும் கறுப்பர்கள். விசாரணையே முடியாமல், ஜாமீன் கட்டக் காசில்லாமல் உட்கார்ந்திருந்தவர்கள் நிறைய. சோதனைக்குச் சம்மதித்தால் சில டாலர்கள் கிடைக்கும். அந்தச் சம்மதத்தை எந்தக் கணக்கில் வைப்பது? பருவுக்கு இன்றும் முதல் வரிசையில் நிற்கிற டிரெட்டினாயின் 1971ல் விற்பனைக்கு வந்ததற்குப் பின்னால் அந்தச் சிறைச் சோதனைகள் இருக்கின்றன.

என்னைத் தூங்கவிடாத சோதனை வேறு. 1960களின் நடுவில் டௌ கெமிக்கல் கம்பெனி கொடுத்த பணத்தில், டயாக்சின் என்கிற நச்சை சுமார் 70 கைதிகளின் தோலில் பூசினார்கள். களைக்கொல்லித் தொழிற்சாலைகளில் அது தொழிலாளர்களுக்கு குளோர்ஆக்னே என்கிற கொடிய பருவைக் கொண்டுவந்துகொண்டிருந்தது. எவ்வளவு பட்டால் பரு வரும் என்பதுதான் கேள்வி. கம்பெனி சொன்ன அளவில் ஒன்றும் வரவில்லை. கிளிக்மன் தானாகவே பத்துப் பேருக்கு அளவை நூற்றுக்கணக்கான மடங்கு ஏற்றினார். எட்டுப் பேருக்குப் பரு வந்தது. நான்கு மாதத்திலிருந்து ஏழு மாதம் வரை இருந்தது. சீக்கிரம் ஆற்ற எந்தச் சிகிச்சையும் கொடுக்கவில்லை. பரு ஒரு சின்ன விஷயம், அதற்கா இவ்வளவு எழுதுகிறாய் என்று கேட்கிறவர்களுக்கு நான் இந்த எட்டுப் பேரைத்தான் சொல்வேன். முகத்தைக் கண்ணாடியில் பார்க்கப் பயந்த வயது நம் எல்லோருக்கும் தெரியும். அதை ஒரு மனிதனுக்கு வேண்டுமென்றே கொடுக்க முடியும் என்பதும் நடந்திருக்கிறது.

1975ல் கிளிக்மனும் இன்னொரு மருத்துவரும் ஒரு கலவையை வெளியிட்டார்கள். டிரெட்டினாயின், ஹைட்ரோகுவினோன், ஒரு ஸ்டீராய்டு. ஐந்திலிருந்து ஏழு வாரம் தினமும் பூசினால் கறுப்பின ஆண்களின் இயல்பான தோல் நிறமே போய்விடுகிறது என்றது கட்டுரை. கிளிக்மன் ஃபார்முலா என்று பெயர். அது எங்கேயோ அமெரிக்காவில் நடந்த கதை என்று நினைக்க வேண்டாம். பயிற்சிக்காக நான் சில மாதம் நின்ற ஒரு மெடிக்கல் ஷாப்பில் தினமும் யாராவது ஒரு பெண் வந்து, "அண்ணா, பரு போயிடுச்சு, கருப்பு மட்டும் போக மாட்டேங்குது, ஏதாவது குடுங்க" என்பார். கடைக்காரர் எடுத்துக்கொடுத்த டியூபில் அந்த மூன்றின் வாரிசுகள்தான் இருந்தன, ஸ்டீராய்டு மட்டும் வேறு. ரெண்டு வாரம் முகம் பளபளக்கும். பிறகு தோல் மெலிந்து சிவந்து, நிறுத்தினால் முன்னைவிட அதிகமாகப் பரு. 2018ல் இந்திய அரசு ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டு இல்லாமல் விற்கக்கூடாது என்று விதி போட்டது. விதி போட்டாயிற்று. கடை வாசலில் நின்றால் தெரியும், எவ்வளவு தூரம் வந்து சேர்ந்திருக்கிறது என்று.

நம் மாதிரித் தோலுக்குப் பருவை விடப் பெரிய பிரச்சினை அந்தக் கருப்புதான். வெள்ளைத் தோலில் பரு ஆறினால் சிவப்புத் தடம், நாளாக ஆக மறையும். மெலனின் அதிகமுள்ள தோலில் ஒவ்வொரு அழற்சியும் மாதக்கணக்கில் கறையாக நிற்கும். அதனால் அமிலம் போட்டு உரிக்கிற எந்த வைத்தியமும் நமக்குக் கத்திமேல் நடப்பது மாதிரி. உரித்ததே அழற்சியாகி இன்னும் கறுக்கலாம். கறுத்த தோலில் பீல் செய்யப் பல டாக்டர்கள் தயங்கியதற்குக் காரணம் இதுதான்.

1997லும் 1998லும் கிளிக்மனும் டக்ளஸ் கிளிக்மனும் சாலிசிலிக் ஆசிட்டை 30 சதவீதக் கரைசலாகப் பீல் செய்வது பற்றிக் கட்டுரைகள் எழுதினார்கள். ஒன்று பருவுக்கு, ஒன்று வெயிலில் முதிர்ந்த தோலுக்கு. உன்னாவோடு பழசாகிப்போன விஷயம் திரும்ப மேசைக்கு வந்தது. அதே 1998ல்தான் ஆலன் ஹார்ன்ப்ளம் ஹோம்ஸ்பர்க் சிறையைப் பற்றிய தன் புத்தகத்தையும் வெளியிட்டார். கிளிக்மன் சொன்ன அந்த ஏக்கர் கணக்குதான் தலைப்பு. ஒரே வருடத்தில் இரண்டும். ஒன்றைப் படித்தவர்கள் இன்னொன்றைப் படித்திருப்பார்களா என்று யோசித்திருக்கிறேன்.

மறு வருடம், 1999ல், லாஸ் ஏஞ்சலஸில் பேர்ல் கிரைம்ஸ் என்கிற கறுப்பினத் தோல் மருத்துவர் ஒரு சின்ன ஆய்வை வெளியிட்டார். 20, 30 சதவீத சாலிசிலிக் பீல், கறுத்த தோல் உள்ளவர்களுக்கு. மொத்தமே 25 பேர். அவர்களில் ஒன்பது பேர் பருவுக்காக வந்தவர்கள், மற்றவர்களில் கறைக்காக வந்தவர்களும் மங்குக்காக வந்தவர்களும் உண்டு. பெரும்பாலானவர்களுக்கு நல்ல பலன், பக்கவிளைவு கொஞ்சம்தான். 25 என்பது சின்ன எண், ஒத்துக்கொள்கிறேன். ஸ்டோனின் காய்ச்சல்காரர்களில் பாதி. ஆனால் அந்த 25 பேரும் தங்கள் முகம் சரியாக வேண்டும் என்று தாங்களாகவே நடந்து வந்தவர்கள். சென்னையிலோ மதுரையிலோ ஒரு டாக்டர் இன்று பழுப்புத் தோலுக்கு இந்தப் பீலைத் துணிந்து கையில் எடுக்கிறார் என்றால், அந்தத் துணிச்சலின் ஒரு முனை அங்கே இருக்கிறது.

கிளிக்மன் 2010ல் இறந்தார். பல்கலைக்கழகத்தின் மருத்துவப் பிரிவு 2021ல் மன்னிப்புக் கேட்டது, ஃபிலடெல்ஃபியா நகரம் 2022 அக்டோபரில். சிறை மூடி அதற்குள் பல வருடங்கள் ஆகியிருந்தன. சோதனைக்கு ஆளானவர்களில் உயிரோடு இருந்தவர்கள் கிழவர்கள்.

கிரைம்ஸின் கட்டுரையை நான் படித்தது டிகிரி முடித்த பிறகுதான். அதுவரை என் பாடப்புத்தகங்களில் பரு என்றால் ரோஜா நிறக் கன்னத்தில் சிவப்புப் புள்ளிகள். "சிவந்த கொப்புளம்" என்று மனப்பாடம் செய்து பரீட்சையில் எழுதி மார்க்கும் வாங்கியிருக்கிறோம். வகுப்பில் இருந்த 40 பேரில் ஒருத்தர் முகத்தில்கூட அது அந்த நிறத்தில் இல்லை.